வாங்க, உட்காருங்க

1

இந்த நாடு சுதந்திரம் பெற்று ஒரு வருஷம் நிறைந்ததற்கு எங்கள் தோட்டத்துத் திடலில் போன வாரம் விழா எடுத்தார்கள். எங்கள் தோட்டம் என்றால் ஏதோ என்னுடையது என்று ஊரில் இருப்பவர்கள் நினைத்துவிட வேண்டாம். மலாயாவில், தைப்பிங் பக்கத்தில், வெள்ளைக்காரனுக்குச் சொந்தமான ரப்பர் தோட்டம். நான் அதில் பால்மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவன். கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் நான் குடியிருக்கும் வீடும் தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும்.

என் மகள் சரோஜா டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தவள். தோட்டத்துப் பள்ளியில் டீச்சர் வேலைக்கு அவள் பெயர் அடிபடுகிறது. அதற்கும் சரி, என் குடியுரிமைத் தாளுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கும் சரி, தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி மனசு வைக்க வேண்டும். தோட்டத்துக் கணக்கு, பேரேடு, வேலை, வீடு எல்லாம் அவர் கையில். துரை கூட அவரைக் கேட்டுத்தான் தலையாட்டுவார்.

விழாவில் சரோஜாதான் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இந்த நாட்டுத் தேசிய கீதத்தைப் பாடவைத்தாள். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துரை எழுந்தார், துரைசாணி எழுந்தாள். புல்லில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லாரும் எழுந்தோம். பெரிய கிராணி மட்டும் எழவில்லை. மூட்டுவலியோ, மடியில் வைத்திருந்த பரிசுப் பொட்டலங்கள் சரிந்துவிடும் என்ற பயமோ, எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்ததும் சரோஜா ஒலிபெருக்கியை விடாமல் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"பெரிய கிராணி ஐயா மட்டும் எந்திரிக்கலை. அவருக்காக இன்னொரு தடவை பாடலாமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே தெரியும். அவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பாட்டு மறுபடி ஆரம்பித்தது. பெரிய கிராணி பொட்டலங்களைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கைகளைத் தொங்கவிட்டு, புன்சிரிப்போடு கடைசி வரைக்கும் நின்றார்.

இன்றைக்கு வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. சரோஜா சந்தோஷமாகப் பாடிக்கொண்டு வளைய வருகிறாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஏன் என்று அவளுக்குச் சொன்னால் புரியாது. ஊரில் இருப்பவர்களுக்குப் புரியும் என்று இதை எழுதுகிறேன்.

2

தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க வேண்டுமா என்று என்னைக் கேட்டால், நான் நிற்பதில் பழுத்த ஆள். சின்ன வயதில் வந்து இறங்கியபோது வெள்ளைக்கார ராஜாவின் பாட்டுக்கு நின்றேன். பிறகு ஜப்பான்காரன் வந்தான். தினம் விடிந்ததும் கிழக்கே பார்த்து அவன் ராஜாவுக்கும் குனிந்து நின்றேன். குனிந்த இடுப்பைச் சற்று முன்னாலேயே நிமிர்த்திவிட்டான் என்று என் பக்கத்தில் நின்றவனை அடித்த அறை இன்னும் என் காதில் இருக்கிறது. ஜப்பான்காரன் போனான், மறுபடி வெள்ளைக்காரன் பாட்டு. இப்போது இந்த நாட்டுக்காரர்களின் சொந்தப் பாட்டு. இதற்கு நான் மனசோடு நிற்கிறேன். என் மகள் பிறந்த மண் இது.

ஆனால் உட்காரச் சொன்னால் எனக்குக் கைகால் ஓடாது. குடியுரிமைக்கு மனுக் கொடுக்கப் போன அன்று, மேஜைக்குப் பின்னால் இருந்த மலாய்க்கார அதிகாரி மலாயில், "டுடோக் மானா?" என்று கேட்டார். எங்கே குடியிருக்கிறாய் என்று அர்த்தம். இந்த மொழியில் உட்காருவதற்கும் குடியிருப்பதற்கும் ஒரே சொல்தான். இத்தனை வருஷமாக நான் கேட்டுப் பழகிய கேள்விதான். ஆனாலும் அந்த நேரத்தில் பயத்தில், எங்கே உட்காருகிறாய் என்று கேட்டதாகவே என் காதில் விழுந்தது. "வேண்டாம் துவான், நான் நின்றுகொள்கிறேன்" என்றேன். அதிகாரி சிரித்துவிட்டார். நல்ல மனுஷன், திட்டவில்லை. கூட வந்த சரோஜாவுக்குத்தான் முகம் சிவந்துபோயிற்று.

"ஏம்ப்பா இப்படி மானத்தை வாங்குறீங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

3

உட்காரும் பயம் எனக்குப் பிறவியில் வந்ததல்ல. சில வருஷங்களுக்கு முன்பு ஊருக்குப் போய்வந்தேனே, அங்கே பிடித்தது.

என் ஊர் ஒசூர் தாலுகாவில், தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஜவளகிரிக் காட்டுப் பக்கம். அங்கே சேரியில் என் தங்கை மாரக்காவும் அவள் புருஷன் முனியப்பனும் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பெரிய வீட்டில்தான் வேலை. ராகிக் கொல்லை, புளியந்தோப்பு, கிணறு, சேரி இருக்கும் மண் எல்லாமே பெரிய வீட்டுக்குச் சொந்தம். அவர்கள் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், எங்களிடம் தமிழ், சந்தையில் கன்னடம். எங்கள் பக்கத்தில் எல்லாருக்குமே மூன்றும் வரும். ஒசூர் மதராஸோடு இருக்குமா மைசூரோடு போகுமா என்று கடைத்தெருவில் அடித்துக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் சேரிக்கு எந்தப் பக்கம் போனாலும் பெரிய வீடு பெரிய வீடுதான்.

ஊருக்கு வெளியே, பெரிய வீட்டுத் தரிசில், ஒரு டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் மணல், அது எங்களுக்கு. அதற்குப் பின்னால் பெஞ்சு. கடைசியில் நாற்காலி. பெரிய வீட்டுக்காரர் நடு நாற்காலியில் உட்காருவார். ஆட்டம் முடிந்ததும் திரையில் கொடி பறக்கும், தேசிய கீதம் போடுவார்கள். முதல் தடவை போட்ட கதையை முனியப்பன் எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

கொட்டகை மேனேஜர் சேலத்துக்காரர். "எல்லாரும் எழுந்து மரியாதை செலுத்துங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு மரியாதை எப்படிச் செய்வது என்று தெரியாதா? பிறந்தது முதல் செய்வதுதானே. மணலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சடாரென்று எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, கொடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நாற்காலியைப் பார்த்துக் குனிந்து கைகட்டி நின்றுவிட்டார்கள். பெரிய வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துபோயிற்றாம். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார். கொடி இந்தப் பக்கம், துண்டு தோளிலேயே இருக்கட்டும், நிமிர்ந்து நில்லுங்கள் என்று.

அன்றிலிருந்து ஆட்டத்துக்கு ஆட்டம் அப்படித்தான். பெரிய வீட்டுக்காரருக்கு முதுகைக் காட்டி, தோளில் துண்டோடு, நிமிர்ந்து நின்றார்கள். எங்கள் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். அவரும் எழுந்து நிற்க வேண்டும், அதுவும் எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு.

"படம் யாருக்கு வேணும் மச்சான்?" என்றான் முனியப்பன். "நான் அந்தப் பாட்டுக்குத்தான் போறேன். அது முடியற வரைக்கும் நம்மள ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது பாருங்க."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்? நானும் அவனோடு ஒரு தடவை போய் நின்றேன். கப்பல் ஏறிப் போய் நான் சம்பாதித்தது எல்லாவற்றையும் விட அது பெரிசாகத் தோன்றிற்று.

4

கடைத்தெருவில் யாரோ பெரிய வீட்டுக்காரரைச் சீண்டியிருக்கிறார்கள். "நாற்காலிக்குக் காசு குடுத்து உங்க ஆளுங்க முதுகைப் பாத்துட்டு வரீங்களாமே" என்று. அடுத்த வாரமே கொட்டகை மேனேஜர் சேரி முனையில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"இனிமேட்டு தரை டிக்கெட்டு ஆளுங்க பாட்டுக்கு எந்திரிக்க வேண்டாம்ப்பா. நீங்க முன்னால நின்னா பின்னால இருக்கறவங்களுக்குக் கொடி மறைக்குதாம். கொடிக்கு அவமரியாதையாம்."

"யாருங்க சொன்னது?" என்று முனியப்பன் கேட்டான்.

"எடம் அவங்குளுது. நான் பொழைக்க வந்தவன்" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் களி கிண்டிக்கொண்டே மாரக்கா பேசினாள். "உக்காந்துட்டு வந்தா என்னா கொறைஞ்சிடும்? இத்தினி நாளு நிக்கச் சொன்னாங்க, நின்ன. இப்ப உக்காரச் சொல்றாங்க, உக்காரு. கால் நோவாவது மிச்சம்."

"நிக்கச் சொல்றதும் அவங்க, உக்காரச் சொல்றதும் அவங்க. அப்ப இந்தக் காலு யாருது?"

"காலு உன்னுது. அது நிக்கற மண்ணு அவங்குளுது."

நான் தங்கை பக்கம்தான் பேசினேன். "மாப்ளே, கொஞ்ச நாளு போவட்டும். படத்துக்கே போவாத" என்றேன்.

"போவாம இருந்தா நான் உக்காந்ததா ஆயிடும் மச்சான்" என்றான்.

5

முதல் ஆட்டத்துக்குப் போனோம். படம் முடிந்து கொடி வந்தது, பாட்டு எழுந்தது. பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மணலில் ஒருவரும் அசையவில்லை. தலையைத் தொங்கப்போட்டு மணலைக் கீறிக்கொண்டிருந்தார்கள். முனியப்பன் எழுந்தான். பெண்கள் பக்கமிருந்து மாரக்கா என்னையே பார்த்தாள். நான் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு கடைசி வரைக்கும் நின்றான்.

பாட்டு அடங்கியதும் பெரிய வீட்டுக்காரரின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை.

"எவுருரா அதி?"

யாருடா அது என்று கேட்கிறார். பிறந்த நாள் முதல் தன் கொல்லையில் கிடந்தவனை. பெஞ்சிலிருந்து யாரோ, "முனியப்பனுங்க" என்றார்கள்.

"ஓ. முனியப்பனா" என்றார் அவர். அதுவரைக்கும் அவர் வாயில் அவன் வெறும் முனியன். முழுப்பெயர் அன்றைக்குத்தான் வந்தது.

மறுநாள் காலையில் ஆள் வந்து கூப்பிட்டான். நானும் கூடப் போய் வாசலுக்கு வெளியே நின்றேன். களத்தில் எங்கள் ஆட்கள் ராகிக் கதிர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுக்களத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது.

"வாங்க முனியப்பன், உக்காருங்க" என்றார் பெரிய வீட்டுக்காரர்.

கதிர் அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. முனியப்பன் துண்டை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் தோளில் கைவைத்துக்கொண்டு நின்றான். ஆள் ஒருவன் அவன் தோளை அழுத்தினான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க. பாட்டுக்கே எந்திரிச்சு நிக்கற பெரிய மனுஷன் நீங்க. எங்க முன்னால எல்லாம் நிக்கலாமா?"

வெயில் ஏறும் வரைக்கும் அவனை அப்படியே உட்காரவைத்திருந்தார்கள். அவன் அண்ணன் தம்பி முறைக்காரர்கள் அவனைச் சுற்றிக் கதிர் அடித்தார்கள், தூற்றினார்கள், தூசி எல்லாம் அவன்மேல் விழுந்தது. கடைசியில் அவர் சொன்னார்: "நீங்க ஊட்டுக்குப் போங்க. உங்களைக் களத்துல எறக்கினா ஊரு எங்களைத்தான் பேசும்."

அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் தழும்பைக் காட்டி யாரிடமாவது முறையிடலாம். மரியாதையாகப் பேசினார்கள் என்று எந்தப் போலீசில் போய்ச் சொல்வது?

அதற்குப் பிறகு அது வியாதியைப் போலப் பரவிற்று. அவனை டேய் என்றோ வாடா என்றோ கூப்பிடுகிறவன் களத்துக்கு வர வேண்டாம் என்று பெரிய வீட்டு உத்தரவு. டீக்கடைக் கன்னடக்காரர் அவனை மட்டும் நாற்காலியில் உட்காரவைத்து, கன்னடத்தில் வாங்க என்பதற்கு "பன்னி" என்று சொல்லி, பித்தளை டம்ளரில் டீ கொடுத்தார். மற்றவர்கள் எழுந்து வெளியே போனார்கள். தோப்புக் காவல்காரன் அதையே தெலுங்கில் "ரண்டி" என்று சொல்லி வரவேற்று, விறகு பொறுக்க விடாமல் திருப்பி அனுப்பினான். தமிழ், தெலுங்கு, கன்னடம், மூன்று மொழியிலும் முனியப்பனுக்கு மரியாதை வந்துவிட்டது. வேலை மட்டும் எந்த மொழியிலும் வரவில்லை. மாரக்கா கிணற்றடிக்குப் போனால், "நீங்க எதுக்கும்மா தண்ணி சேந்தறீங்க, தள்ளி நில்லுங்க" என்பார்கள். குடம் காலியாகவே திரும்பும். அவனோடு ஒரே குட்டையில் எருமை மேய்த்த சின்னப்பன் ஒருநாள் எதிரில் வந்து, கண்ணில் தண்ணீரோடு, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடினான்.

முனியப்பன் சிரிப்பதை விட்டுவிட்டான்.

6

நான் திரும்ப வேண்டிய கப்பல் நெருங்கிற்று. இருவரையும் என்னோடு அழைத்துவந்துவிட வேண்டும் என்று ஒசூர் தாலுகா ஆபீசில் போய் நின்றேன். புதிதாக யாரும் மலாயாவுக்குப் போக முடியாது, ஏற்கனவே போனவன் திரும்பலாம், அவ்வளவுதான் என்றார் குமாஸ்தா. சேலத்துக்குப் போய்க் கேளுங்கள் என்றார். சேலத்தில் மதராஸைக் கை காட்டினார்கள். கப்பல் காத்திருக்குமா?

பஸ் ஏற்றிவிட முனியப்பன் வந்தான். இளைத்துப்போயிருந்தான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"மச்சான், ஒருக்கா என்னை 'டேய் முனியா'ன்னு கூப்பிடுங்க."

"என்ன மாப்ளே இது?"

"கூப்பிடுங்க மச்சான். என்னை யாரும் கூப்பிடறது இல்ல."

கூப்பிட்டேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு கையை எடுத்தான்.

மிச்சத்தை, ஊருக்குப் போய்வந்த பக்கத்துத் தோட்டத்து ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெரிய வீட்டில் கடைசியாக அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார்களாம். காட்டை ஒட்டிய கொல்லையில் காவல். "உங்களுக்கு ஏத்த வேலை, உக்காந்துகிட்டே பாக்கலாம்" என்றார்களாம். பசியில் போயிருக்கிறான். சில நாட்களில் யானை மிதித்துவிட்டது என்று பாயில் சுற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். பாயைப் பிரித்துப் பார்க்க மாரக்காவை விடவில்லை. யானை வரும் காடுதான், இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்த வருஷம் வேறு யார் கொல்லையிலும் யானை இறங்கவில்லை என்றும் அந்த ஆள்தான் சொன்னார். மாரக்கா இப்போது பெங்களூரில் சித்தாளாக மண் சுமக்கிறாள்.

பாட்டுக்கு நிற்க வேண்டுமா என்று ஊரில் இப்போதும் பேசிக்கொள்கிறார்களாம். நிற்பவனை நிற்க விடுங்கள், முடியாதவனை விட்டுவிடுங்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இன்னொருத்தன் காலுக்கு உத்தரவு போடுகிறவனுக்குக் கொடியும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். அவனுக்கு வேண்டியது வேறு. என் மகள் செய்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் விளையாட்டாகச் செய்தாள். சபையில் சிரிப்புக்கு ஆளானவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வாரா என்பதுதான் என் கவலை.

7

மேலே உள்ளதை எழுதிவிட்டு இன்று காலை லயத்துப் படியில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பெரிய கிராணி வந்தார். அவர் லயத்துப் பக்கம் வருகிறவர் இல்லை. வந்தாலும் ரோட்டில் நின்றுகொண்டு, "ஏய் மாரி, இங்க வா" என்று கத்துவதுதான் வழக்கம். இன்று வாசல் வரைக்கும் வந்தார்.

"மாரியப்பன், இருக்கீங்களா?"

நான் பதறி எழுந்தேன். உளி கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"அட, எதுக்கு எந்திரிக்கிறீங்க? உட்காருங்க, உட்காருங்க. நாளைக்கு நீங்க மரம் வெட்டப் போக வேண்டாம். ஆபீசுக்கு வாங்க. மகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. படிச்சவங்க, அவங்களுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்."

அதே புன்சிரிப்பு. சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போனார். எதிரில் வந்த லயத்து ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கதவுக்குப் பின்னாலிருந்து சரோஜா ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களாப்பா? நீங்க சும்மா சும்மா பயந்தீங்க. எவ்வளவு மரியாதையாப் பேசிட்டுப் போறாரு! என்னை 'அவங்க'ன்னு சொன்னாருப்பா!"

நான் உளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவள் நாளைக்கு எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறாள்.